குந்துற கிளாஸும் கன்னியம்மாளின் முட்டியும்

பிசிறு செக்ஷனுக்கு ஸ்டூல்கள் வந்த அன்று காலை நான் போய்ப் பார்த்தபோது, ஒவ்வொரு ஸ்டூலுக்குப் பக்கத்திலும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். புது மரம், காயாத வார்னிஷ் வாசனை. உட்காரத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை.

"ஏம்மா, உக்காருங்களேன்" என்றேன்.

"குந்தறோம் நர்சம்மா, நீங்க போங்க" என்றாள் கன்னியம்மாள். புதிதாகப் பிடித்து வந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல ஸ்டூலின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சரிதான், கூச்சப்படுகிறார்கள், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த 'நீங்க போங்க' என்பதில்தான் விஷயமே இருந்தது. அது என் மண்டையில் ஏற ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இந்தத் தொடரில் இதுவரை ஆஸ்பத்திரிக் கதைகளையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். "பிரசவமும் பேதியும் போதும் பெரிம்மா, கம்பெனிக் கதைக்கு வாங்க" என்று என் தங்கை மகளே அலுத்துக்கொண்டுவிட்டாள். வந்துவிட்டேன்.

தோசையின் ஓரம்

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் ஒன்றொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. நேற்றுவரை முள்ளும் பனையுமாகக் கிடந்த இடத்தில் இன்றைக்கு ஒரு சங்கு ஊதும். எங்கள் கம்பெனியில் பேக்லைட் சுவிட்சும் பிளக்கும் செய்தார்கள். அந்தக் காலத்து வீடுகளில் கறுப்பாக, குமிழாக இருக்குமே, அந்தச் சுவிட்ச்.

பொடியை அச்சில் கொட்டிச் சூட்டில் அழுத்துவார்கள். வெளியே வரும்போது தோசையின் ஓரம் போலச் சுற்றிலும் மெல்லிசாக ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. அதை அரத்தால் ராவி எடுப்பது பெண்களின் வேலை.

பேக்லைட் வேகும் வாசனையை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். கருகிய மீனும் பினாயிலும் கலந்தாற்போல ஒரு நெடி. தலைமுடியில் ஏறிக்கொண்டால் சீயக்காய்க்கும் போகாது. சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் நாங்கள் ஏறினால் ஜனங்கள் தாமாகவே நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். பொன்னேரி வரைக்கும் எனக்கு ஜன்னலோர ராஜ்ஜியம்தான்.

நான் அங்கே நர்ஸ். ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நோயாளிகளுக்கு ஒரு பெஞ்சு. அலமாரியில் தீப்புண் களிம்பு, இருமல் மருந்து, வெள்ளைத் தைலம். வாரத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நானே.

அச்சு செக்ஷன் ஆண்கள் சூட்டுக் காயத்தோடு வருவார்கள். பிசிறு செக்ஷன் பெண்கள் வலியோடு வருவார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. "கெண்டக்காலு கல்லு மாதிரி கீது நர்சம்மா" என்பார்கள். நான் தைலம் ஊற்ற, அவர்கள் தேய்த்துக்கொள்ள, மறுநாள் அதே வலி அதே காலில் நடந்து வரும். எனக்கும்கூட அந்த நாளில் முட்டி வலி உண்டு. ரயில் படி உயரம், அதனால்தான் என்று நினைத்து, கம்பெனித் தைலத்தில் கொஞ்சம் நானும் தடவிக்கொள்வேன்.

சோழவரத்துக் கார்

அப்போதுதான் சபேசன் வந்தார். மெட்ராஸ் இஞ்சினியர், முப்பது வயதுக்குள் இருக்கும். வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு ஏற்றபடி வேலையை எப்படி மாற்றுவது என்று படித்துவிட்டு வந்திருந்தார். எர்கோனாமிக்ஸ் என்று அதற்குப் பெயர் சொன்னார். நாஷ்டா முடிந்ததும் கேன்டீன் கொட்டகையில் வகுப்பு. முதுகெலும்புப் படம் ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு, எப்படி நிற்க வேண்டும், எப்படிக் குனிய வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று செய்தே காட்டுவார். ஜனங்கள் அதற்குக் 'குந்துற கிளாஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரே பிறகு அப்படித்தான் சொன்னார்.

பொடி மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேர் பழவேற்காட்டுப் பக்கத்து ஆட்கள். முட்டியை மடக்கி, மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்திருக்க வேண்டும் என்று சபேசன் காட்டியபோது முதலில் சிரித்தார்கள். "படகுல இப்பிடிக் குந்தி எந்திரிச்சா மீனோட மீனா போயிடுவோம் சார்" என்றார் ஒருவர். பிறகு செய்து பார்த்தார்கள். "தரை ஆடல. அதனால சுளுவா கீது" என்று ஒத்துக்கொண்டார்கள். இடுப்பு வலிக்காரர்கள் என் அறைக்கு வருவது நிஜமாகவே குறைந்தது. தைலத்தைத் தவிர வலிக்கு வேறு மருந்து உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"இந்தப் பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு யாரைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்து கேட்கும் வியாதி உண்டு.

"சோழவரத்துலதான்" என்றார். காலேஜ் நாளில் அங்கே கார் ரேஸ் பார்க்கப் போனாராம். ஓரமாக நின்ற ஒரு காருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். ஓட்டுகிறவரின் இடுப்பு அளவுக்கு சீட்டு, கை எட்டுகிற தூரத்தில் கியர், கால் நீளத்துக்கு மிதி. "அந்த ஆளைச் சுத்தி காரைக் கட்டியிருந்தான்மா. ஒருமணி நேரம் ஓட்டுறவனுக்கே அவ்வளவு செய்யறாங்க. நாள் பூரா அரம் பிடிக்கிற பொம்பளைக்கு ஒரு ஸ்டூல் கூடாதா?"

கேட்டார், வாங்கிவிட்டார். மேஜைகளோ நின்று வேலை செய்கிற உயரத்தில் தரையோடு போல்ட் போட்டவை. அவற்றுக்கு ஏற்றபடி ஸ்டூல்களும் உயரமாக வந்தன. கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு குறுக்குப் பலகை. அதில் மிதித்துத்தான் ஏற வேண்டும்.

தேய்ந்த பலகை

கெண்டைக்கால் வலி போயிற்று. அதற்குப் பதிலாக முட்டி வலி வந்தது.

முதலில் வந்தவள் கன்னியம்மாள். கவரப்பேட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊர். கம்பெனி வரும்வரை அவளும், அவளுக்கு முன்னால் அவள் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இங்கே சேர்ந்து சில வருஷம் ஆகியும் தினக்கூலிதான். பொங்கல் முடிந்ததும் சிலரை பர்மனெண்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. அதற்கு முன் டாக்டர் உடம்பைப் பார்த்து சரி என்று எழுத வேண்டும். அவளுடைய வலது முட்டியோ பன் ரொட்டி போல வீங்கியிருந்தது.

"டாக்டரு பாக்கறதுக்குள்ள எறங்கிடுமா?" என்று கேட்டாள்.

"இறங்கும். உப்பு ஒத்தடம் குடு."

"எறங்கணும் நர்சம்மா. பர்மனெண்டு ஆயிட்டேன்னா அந்தச் சேத்துல இனிமே குனிய வேணாம். இல்லாங்காட்டி மறுபடி அவங்க களத்துலதான் போய் நிக்கணும்."

'அவங்க' யார் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதைக் கேட்காமல் விட்டேன்.

சபேசனுக்குக் குழப்பம். ஸ்டூலின் உயரத்தை அளந்தார். பலகையை ஒரு விரல் தூக்கினார், மறுபடி இறக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் வேறு, "நான் எப்பப் போய்ப் பாத்தாலும் நிக்கிறாங்க. உக்காரப் பிடிக்காதவங்களுக்கு எதுக்கு ஸ்டூல்? பொங்கலோட எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

சபேசன் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். "இதைப் பாருங்க" என்றார்.

உட்காரும் இடத்தில் வார்னிஷ் பளபளவென்று அப்படியே இருந்தது. கீழ்ப்பலகையில் வார்னிஷ் போய், மரம் வெளுத்து, டவுன் பஸ் படி மாதிரித் தேய்ந்திருந்தது.

"உக்காந்ததைவிட ஏறி இறங்கினதுதான் ஜாஸ்தி. எதுக்கு இப்படி ஏறி இறங்கறாங்க?"

அவர் போனபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. என் வியாதி உச்சத்துக்கு ஏறிவிட்டது.

வென்டிலேட்டர் வழியாக

என் அறைக்கும் பிசிறு செக்ஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர். சபேசன் விட்டுப்போன ஸ்டூலின்மேல் ஏறி, புடவையைச் செருகிக்கொண்டு, அதன் வழியாக எட்டிப் பார்த்தேன். அந்தக் கோலத்தில் யாராவது என்னைப் பார்த்திருந்தால் அன்றோடு என் மானம் போயிருக்கும்.

பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அழகாக, சபேசன் சொல்லிக்கொடுத்தபடி, முதுகை நேராக வைத்துக்கொண்டு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது அந்தக் கோடியில் சூப்பர்வைசர் ஜெயராமன் தெரிந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். முதல் மேஜைப் பெண் ஸ்டூலிலிருந்து சரிந்து சிமெண்டுத் தரையில் குதித்து நின்றாள். அவர் தாண்டியதும் பலகையில் மிதித்து ஏறி உட்கார்ந்தாள். அதற்குள் அடுத்தவள் இறங்கியாயிற்று. அவளுக்கு அடுத்து எஸ்தர். அவளுக்கு அடுத்து கன்னியம்மாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு. நாற்று வயலின்மேல் காற்று போவது போல அந்த வரிசை முழுக்கத் தாழ்ந்து எழுந்தது. கோடிக்குப் போனவர் திரும்பினார். மறுபடியும் காற்று.

சூப்பர்வைசர் வேலையே நடப்பதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நடப்பார்.

எங்களைக் கண்டு அவர்கள் நின்றதும் இதே கணக்குதான். நாங்கள் பார்க்கப் போனோம், அதனால் நின்றார்கள். அன்றைக்கே சொன்னாளே, நீங்க போங்க என்று.

மத்தியானம் கன்னியம்மாளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, அவரைப் பாத்தா எதுக்கு எந்திரிக்கிற?"

"இன்னா நர்சம்மா இப்பிடிக் கேக்கறீங்க. அவுரு எங்கூரு பெரிய ஊட்டுப் புள்ள. சின்னய்யான்னுதான் கூப்டுவோம்."

"இங்க அவர் சூப்பர்வைசர்."

"இங்க சூப்பர்வைசரு. சாயங்காலம் ரயிலு எறங்கி ஊருக்குள்ள போனா? எங்க நைனா அவங்க களத்துல ஒருநாளு குந்தி நான் பாத்ததில்ல. நான் இன்னாடான்னா அவுரு தலைக்கு மேல என் தலை தெரியறாப்ல ஸ்டூல்ல குந்திக்கினு கீறேன். அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா காலு நிக்க மாட்டேங்குது. தானா எறங்குது. மத்தவங்களும் சுத்துப்பட்டு ஊருதான, அவங்களுக்கும் இதே கததான்."

"முட்டி போயிடும்டி. பர்மனெண்ட் போயிடும்."

"தெரியுது. அதான் பேஜாரா கீது" என்றாள். கண் கலங்கிவிட்டது.

ஜெயராமனையும் கேட்டேன். எப்போதும் வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத மனுஷர். அவருக்கே வெட்கமாகிவிட்டது. "நான் எந்திரிக்கச் சொன்னதே இல்லம்மா. உக்காருங்கன்னு ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டே சொன்னேன்."

"சொன்னதும்?"

"எல்லாரும் எந்திரிச்சி நின்னு, சரிங்கன்னாங்க."

இருமல்

குழந்தைகளுக்கு ஊசி போடும்போது, அதோ காக்கா பார் என்று முகத்தை அந்தப்பக்கம் திருப்பிவிடுவோம். அந்தத் தந்திரத்தைத்தான் சபேசனிடம் சொன்னேன். ஜெயராமன் வருவது கண்ணில் பட்டால்தானே எழுந்திருப்பார்கள். மேஜையைத் திருப்பிவிட்டால் என்ன?

சபேசன் துள்ளிக் குதித்தார். ஜன்னல் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக விழும், கண்ணுக்கு நல்லது என்று மேனேஜரிடம் ஒரு காரணம் சொன்னார். அதுவும் பொய்யில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போல்ட்டைக் கழற்றி மேஜைகளை ஜன்னலோரமாகத் திருப்பிப் போட்டார்கள். இப்போது பெண்களுக்கு எதிரே வெளியில் நிற்கும் பனைமரங்கள். சூப்பர்வைசர் நடப்பது முதுகுக்குப் பின்னால்.

ஒரு வாரம் வரிசை அசையவில்லை. கன்னியம்மாளின் முட்டி வீக்கம் வடிய ஆரம்பித்தது. "அவுரு வராரா இல்லியான்னே தெரியல நர்சம்மா. பாக்காதப்ப மரியாத இல்லன்னு யாரு சொல்ல முடியும்" என்று சிரித்தாள். நானும் சபேசனும் ரொம்பப் புத்திசாலிகள் என்று எங்களுக்கு நாங்களே நினைத்துக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு இருமல் கேட்டது. உடனே வரிசையாகத் தொப், தொப் என்று தரையில் கால் விழும் சத்தம்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஜெயராமன் அந்தக் கோடியில் நின்று தொண்டையைக் கனைத்து இருமிவிட்டு நடக்கிறார். பெண்கள் குதித்து இறங்கி, அதுவும் போதாமல் பின்பக்கமாகத் திரும்பி நிற்கிறார்கள். முன்னே வெறும் குதி. இப்போது குதியும் ஒரு திருகும். முட்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

அடுத்தநாளே கன்னியம்மாளின் முட்டி பழையபடி வீங்கிவிட்டது. பர்மனெண்டுக்காக டாக்டர் உடம்பைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஜெயராமன்மேல் கோபம் பொங்கியது. எந்திரிக்கச் சொல்லவே இல்லை என்றவர், எந்திரிக்காத ஒரு வாரத்தைத் தாங்கவில்லையே என்று மனதுக்குள் வைதேன். அவர் வந்தால் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் வேறொருத்தி முந்திக்கொண்டாள்.

மறுநாள் முற்பகல், வென்டிலேட்டர் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருமல். தொப், தொப். பிறகு இருமல் அருகில் வந்தது. கன்னியம்மாளின் குரல்:

"இருமலுக்கு நர்சம்மாகிட்ட மருந்து கீதுங்க சார்."

அவ்வளவுதான். அரம் ராவுகிற சத்தம் மொத்தமாக நின்றுபோயிற்று. பிறகு எஸ்தருடையது போல ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் அந்த செக்ஷனே சிரித்தது. கன்னியம்மாள் திரும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று எஸ்தர் பிறகு சொன்னாள். பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம். சின்னய்யா என்றும் சொல்லவில்லை, சார் என்றாளாம்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கன்னியம்மாள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "சொல்லிட்டேன் நர்சம்மா. வாயி சும்மா கெடந்துதா? எந்திரிக்கலாம்னுதான் கைய ஊணினேன். முட்டில சுருக்குனு ஒரு வலி. வயித்தெரிச்சல்ல வந்துடிச்சி. இனிமே பர்மனெண்டும் இல்ல, ஊருல களமும் இல்ல."

தண்ணீர் கொடுத்தேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஜெயராமன் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இருமலுக்கு மருந்து இருக்காமே" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். கோபமா, கேலியா, ஒன்றும் பிடிபடவில்லை. மருந்தை அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். மனுஷர் நிஜமாகவே குடித்தார். கசப்பில் முகம் கோணியது.

"பொம்பளைங்க இருக்கற எடத்துக்குப் பொறத்தாலேருந்து போறப்ப ஒரு குரல் குடுத்துட்டுப் போவணும்னு எங்க அம்மா சொல்லி வளத்தாங்க" என்றார். "பூனை மாதிரி முதுகுக்குப் பின்னாடி போய் நின்னா தப்பா நெனைக்க மாட்டாங்களா? அதுக்குத்தான் இருமினேன். நெஜமா அதுக்குத்தான்மா."

என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர் மரியாதைக்கு இருமினார். அவர்கள் மரியாதைக்குக் குதித்தார்கள். நடுவில் கிடந்து தேய்ந்தது முட்டி.

"முன்னால வந்தாலும் எந்திரிக்கிறாங்க, பின்னால வந்தாலும் எந்திரிக்கிறாங்க. நான் எப்படித்தான்மா நடக்கறது?"

"இருமாம நடங்க சார். தப்பா நெனச்சாங்கன்னா நானே வந்து சொல்றேன்."

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகு இருமலும் கேட்கவில்லை, தொப் தொப்பும் கேட்கவில்லை; ஸ்டூல்களை எடுக்கும் பேச்சும் அடங்கிப்போயிற்று. கன்னியம்மாளை அவர் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, ஊரில் அவள் வீட்டாரிடம் சொல்லவும் இல்லை. ஆனால் அது தெரியாமல் டாக்டர் உடம்பைப் பார்க்கும் நாள்வரை அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

பெஞ்சின் மேல்

பர்மனெண்டுக்கு உடம்பைப் பார்க்க டாக்டர் வந்த அன்று மேனேஜரும் கூடவே வந்தார். எனக்குள் பதற்றம். கன்னியம்மாள் என் அறைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது; காலையில்தான் கடைசியாக ஒருமுறை ஒத்தடம் கொடுத்திருந்தேன்.

இரண்டு பேரும் உள்ளே நுழைந்தார்கள். நாற்காலியிலிருந்து நான் துள்ளி எழுந்தேன். நர்ஸ் படிப்பில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான், டாக்டரின் தலை தெரிந்தால் எழுந்து நில்.

கன்னியம்மாளின் இரண்டு கையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டன. உடம்பு கிளம்பிவிட்டது. போச்சு, இப்போது குதிக்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் முட்டியைப் பார்த்தாள். கைகள் மெதுவாக மடிக்குத் திரும்பின.

"முட்டியப் பாக்கத்தான வந்தீங்க டாக்டரய்யா. குந்திக்கினே காட்றேன்" என்றாள்.

"பின்னே? அதுக்குத்தானே பெஞ்சு" என்றார் டாக்டர். அவருக்கு இதில் எதுவும் விசேஷமாகவே தோன்றவில்லை. முட்டியை அழுத்தினார், மடக்கினார், நீட்டினார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

வேலைக்குத் தகுதி என்று எழுதினார். மேனேஜர் தலையை ஆட்டினார். இருவரும் பேசிக்கொண்டே அடுத்த செக்ஷனுக்குப் போய்விட்டார்கள்.

கன்னியம்மாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, அவங்க போயி எம்மா நேரம் ஆவுது. இன்னும் நின்னுக்கினே கீறீங்க. குந்துங்க."

உட்கார்ந்தேன். ரயில் படிமேல் அத்தனை நாள் பழி போட்டிருந்த வலி, இரண்டு முட்டியிலும் விண்ணென்று தெறித்தது. அவள் எழுந்து போய், அலமாரியிலிருந்து வெள்ளைத் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே குந்தினாள்.